நாய் தொடாத பை

மேற்கால மலை, கிழக்கால ஆறு, நடுவுல கண்ணுக்கெட்டின மட்டும் கம்பங்கொல்லை. அப்படி ஒரு ஊர்ல, அந்தக் கொல்லைக்குக் காவலா பாவாயின்னு ஒருத்தி இருந்தாளாம். பரண்மேல ஏறி உக்காந்துக்குவா. கிளி வந்தா கவண்ல கல்லை வெச்சுச் சுத்தி விடுவா. கல்லு கிளிமேல படாது, பக்கத்துல விழும். கிளியும் கோவிச்சுக்கிட்டுப் போய்ட்டு மறுபடி வரும். அதுதான் அவ பொழப்பு.

ஒரு நாள் கவண்ல கல்லு வைக்கிற தோல் பிஞ்சுபோச்சு. நாமளே தெச்சுக்குவோம்னு ஒரு துண்டு ஆட்டுத்தோலை எடுத்துத் தெச்சா. தெச்சுட்டுப் பாத்தா, அட, நல்லாருக்கே! இன்னொரு துண்டு எடுத்தா, வெத்தலைப் பை ஆச்சு. இன்னொரு துண்டு எடுத்தா, அருவாளுக்கு உறை ஆச்சு. அப்புறம் என்ன, கிளி வராத நேரமெல்லாம் ஊசியும் கையுமா உக்காந்துட்டா. யாரும் அவளைச் செய்யச் சொல்லல. செய்யாம இருக்க முடியல, அவ்வளவுதான்.

ஆடு மேய்க்கிறவர் வந்தார். "பாவாயி, எனக்கொரு பை தா."

"அதுல என்னங்க வைப்பீங்க?"

"சக்கிமுக்கிக் கல்லு."

"அப்போ அடித்தோல் ரெட்டையா வேணும். பொறுத்து வாங்க."

தயிர்க்காரி வந்தா, மருத்துவச்சி வந்தா. எல்லாருக்கும் அதே கேள்வி, அதே பதில். பொறுத்து வந்தவங்க கொஞ்சம் கம்போ, நாலு மொளகாயோ குடுத்துட்டு வாங்கிட்டுப் போனாங்க.

ஏன் பொறுக்கணும்? கேளு. பச்சைத்தோலைச் சுண்ணாம்புல போட்டு முடியெடுத்து, ஆவாரம்பட்டை ஊறின பானைத் தண்ணியில முக்கி வைக்கணும். பட்டைத் தண்ணி தோலுக்குள்ள நல்லா இறங்கணும். இறங்கினதும் நெழல்ல ஆற வெச்சு, புங்கெண்ணெய் தடவணும். அப்பத்தான் அது தோலு. இல்லைன்னா அது கறிதான். பாவாயிகிட்ட கருவாயன்னு ஒரு நாய் இருந்துச்சு. ஊறின தோல்மேலயே தலைய வெச்சுத் தூங்கும், பல்லு படாது. ஊறாத தோலைக் கண்டா மட்டும் எச்சில் ஒழுகும். அதனால பாவாயி பானையில இருந்து எதை எடுத்தாலும், மொதல்ல கருவாயன் மூஞ்சியத்தான் பாப்பா.

அந்த ஊர்ல நல்லமுத்துன்னு ஒரு வியாபாரி. பேருதான் நல்லமுத்து. அவன் பரணுக்குக் கீழ வந்து நின்னான்.

"அம்மிணி, என்ன கைவேலை இது! ராசா இடுப்புல இருக்கவேண்டிய பை கம்பங்கொல்லையில கெடக்குதே! நாளைக்கே ஒண்ணு குடு, அரமனைக்குக் கொண்டுபோறேன்."

"தோல் இன்னும் ஊறலைங்க."

"அட, ராசா என்ன நக்கியா பாக்கப்போறார்?"

முடியாதுன்னு சொல்ல அவளுக்கு வாய் வராது. ராத்திரியெல்லாம் யோசிச்சா. விடிஞ்சதும் பாதி ஊறின தோலை எடுத்து, மனசில்லாம தெச்சுக் குடுத்துட்டா. அன்னையில இருந்து அந்தப் பை அவ நெஞ்சுக்குள்ள முள்ளாட்டம் குத்திக்கிட்டே கெடந்துச்சு.

ராசாவுக்குப் பை ரொம்பப் புடிச்சுப்போச்சு. "திருவிழாவுக்கு என் படைவீரன் ஒவ்வொருத்தனுக்கும் இதேமாதிரி ஒண்ணு வேணும்"னுட்டார். நல்லமுத்து ஓடி வந்தான்.

"அம்மிணி, படைக்கே பை! அமாவாசைக்குள்ள வேணும்!"

இந்தத் தடவை பாவாயி பரண் கம்பைக் கெட்டியாப் புடிச்சுக்கிட்டு, கண்ணை மூடிக்கிட்டுச் சொன்னா. "முடியாதுங்க."

"முடியாதா? பெரிய மகாராணி! போ, நீ இல்லைன்னா பை வராதா?"

நல்லமுத்து என்ன பண்ணான் தெரியுமா? பச்சைத்தோலை வாங்கினான், உப்பைத் தடவினான், சுள்ளுன்னு வெயில்ல போட்டான், மேல காவி மண்ணைப் பூசினான். பாத்தா பாவாயி பைதான். ஆள் வெச்சுத் தெச்சு, "எல்லாம் பாவாயி கைவேலை"ன்னு சொல்லி அரமனையில இறக்கிட்டான். மிஞ்சின தோல்ல தனக்கும் ஒரு ஜோடி செருப்புப் போட்டுக்கிட்டான். வீணாக்கலாமா?

திருவிழா வந்துச்சு. யானை முன்னால, ராசா நடுவுல, படை பின்னால, இடுப்புல செவசெவன்னு பை. கோயில் தெரு திரும்பறப்போ புடிச்சுது பாரு மழை! காவி கரைஞ்சு வேட்டியெல்லாம் செகப்பு. தோல் கொழகொழன்னு ஆகி நாத்தம் எடுத்துச்சு. மொதல்ல ஒரு நாய் வந்துச்சு. அப்புறம் அந்தத் தெரு நாயெல்லாம் வந்துச்சு. அப்புறம் ஊர் நாயே வந்துச்சு! தளபதி பையை நாய் ஒரு பக்கம் இழுக்க, தளபதி ஒரு பக்கம் இழுக்க, "விடு சனியனே!"ன்னு அவர் கத்த, சனமெல்லாம் வயித்தப் புடிச்சுக்கிட்டுச் சிரிச்சுது. நீயும் சிரிக்கிறியா? சிரி, சிரி. ராசா சிரிக்கல.

"கூட்டியா அந்தப் பாவாயியை!"

நனைஞ்சுக்கிட்டே அரமனைச் சபையில வந்து நின்னா பாவாயி, பின்னாலயே கயித்துல கருவாயன். வீரங்க அவுத்துப்போட்ட பையெல்லாம் ராசா முன்னால குவிஞ்சு கெடந்துச்சு.

நல்லமுத்து முந்திக்கிட்டான். "இவதான் ராசா! நம்பி வாங்கினேன், என்னை ஏமாத்திட்டா!"

ராசா சொன்னார். "இது உன் வேலைன்னா, இனி அந்தக் கை ஊசியத் தொடக்கூடாது. தொட்டா இந்த நாட்டுல நீ இருக்க முடியாது. சொல்லு, உன்னுதா?"

பாவாயி தன் கையைப் பாத்தா. ஊசி இல்லாம இந்தக் கையை வெச்சுக்கிட்டு என்ன பண்றது? "ஒண்ணுகூட என்னுது இல்லை"ன்னு சொல்லிட்டாத் தப்பிச்சுக்கலாம். ஆனா அந்த முள்ளு குத்துச்சு.

"ராசா, படைக்கு நான் பை தெக்கல. ஆனா அவசரத்துல, பாதி ஊறின தோல்ல ஒண்ணே ஒண்ணு தெச்சுக் குடுத்தேன். அது தப்புதான். இந்தக் குவியல்ல அது இருந்தாலும் இருக்கும்."

"கேட்டீங்களா, ஒத்துக்கிட்டா!"ன்னு குதிச்சான் நல்லமுத்து.

"உன்னுது எதுன்னு எப்படித் தெரியும்?"னார் ராசா.

"எல்லாம் நனைஞ்சு ஒண்ணாட்டம் கெடக்கு, எனக்குச் சொல்லத் தெரியலைங்க. இவனைக் கேக்கலாம்"னு கருவாயனை அவுத்து விட்டா.

கருவாயன் குவியல்கிட்ட போச்சு. ஒண்ணை மோந்துச்சு, லபக்குன்னு கவ்விக் கிழிச்சுது. இன்னொண்ணை மோந்துச்சு, அதையும் கிழிச்சுது. மூணாவதையும் கிழிச்சுட்டு, விறுவிறுன்னு ராசாகிட்டயே போயிடுச்சு. எல்லாரும் மூச்சைப் புடிச்சுக்கிட்டு நிக்க, ராசா இடுப்புல இருந்த பையை மோந்துச்சு, ஒரே ஒரு நக்கு நக்குச்சு, யோசிச்சுது, விட்டுட்டுத் திரும்பிடுச்சு.

பாவாயிக்கு மொகமெல்லாம் செவந்துபோச்சு. "அதாங்க ராசா, அது என்னுது. பாதி ஊறினதால பாதி நக்கிட்டு விட்டுட்டான். குடுங்க, இன்னொருக்கா ஊற வெச்சுத் தரேன்."

அப்பத்தான் ராசா சிரிச்சார். அவர் சிரிச்சதும் சபையே சிரிச்சுது. "நல்லமுத்து, உனக்கு நான் தண்டனை குடுக்கல. நீ நடந்து வீட்டுக்குப் போலாம்."

"ராசா, மழை..."

"போன்னா போ."

வெளிய கால வெச்சான். காலுல என்ன? அதே தோல் செருப்பு! சொதசொதன்னு நனைஞ்சுது. வாசல்ல ஊர் நாயெல்லாம் காத்துக்கிட்டிருந்துச்சு. ஓடினான். கடைத்தெருவுல ஒரு செருப்பு போச்சு, ஆத்தங்கரையில மறு செருப்பு போச்சு, எல்லைக் கல்லுகிட்ட வேட்டியும் போச்சு! அந்தப் பக்கம் போனவன் போனவன்தான்.

"அரமனைக்கே வந்துடு பாவாயி, இங்கயே உக்காந்து தெச்சுக் குடு"ன்னார் ராசா.

பாவாயி பரண் கம்பை நெனச்சுக்கிட்டா. "வேணாங்க ராசா. இங்க கிளி வராது"ன்னு சொல்லிட்டு, அந்தப் பையை வாங்கிக்கிட்டுக் கொல்லைக்கு நடந்துட்டா.

அன்னையில இருந்து அந்த ஊர்ல மழை பெய்யுற நாள்லதான் தோல்பை விப்பாங்களாம். நனைச்சுப் பாத்து, நாய்க்குக் காட்டி, அப்புறந்தான் வாங்குவாங்களாம். அவசரத்துல செஞ்சது மழைக்குத் தாங்காது, கண்ணு. தப்பை ஒத்துக்கிட்ட வாய்க்கு எந்த மழையும் பயமில்லை.

கதை அங்க மழையில நனைஞ்சு கெடக்கு, நாம இங்க காஞ்ச போர்வைக்குள்ள கெடக்கோம். கருவாயனும் தூங்கிட்டான், நீயும் தூங்கு.