ஆமைகளுக்கு மட்டும் இருந்த சட்டம்

அடர்ந்த காடு ஒன்றின் நடுவே அகலமான ஆறு ஓடியது. நீந்தத் தெரியாத சிறு விலங்குகளை ஆமைகள் முதுகில் ஏற்றி அக்கரை சேர்த்தன. கூலியாகப் பழங்களைப் பெற்றுக்கொண்டன. மலையில் மழை பெய்து வெள்ளத்தில் ஆற்றுநீர் சிவந்துவிட்டால் மட்டும் யாரையும் ஏற்றக் கூடாது. அது யானை அரசரின் சட்டம்.

ஒரு கோடையில் நீர்நாய்கள் அங்கே வந்து சேர்ந்தன. அவை ஆமைகளைவிட வேகமாக நீந்தின. கூலியும் குறைவாகவே கேட்டன. விலங்குகள் மகிழ்ச்சியோடு அவற்றைத் தேடிப் போயின.

மழைக்காலம் வந்தது. ஆறு சிவந்த பிறகும் நீர்நாய்கள் சவாரி ஏற்றின. பாறையன் என்ற ஆமை அரசரிடம் முறையிட்டது. அரசர் நீர்நாய்களின் தலைவி சுழலியை அழைத்து விசாரித்தார்.

"நாங்கள் சவாரி ஏற்றுபவர்கள் அல்ல, அரசே," என்றது சுழலி. "எப்படியும் ஆற்றில் நீந்துகிறோம். போகிற வழியில் நண்பர்களைக் கூட்டிப் போகிறோம். உங்கள் சட்டம் ஆமைகளுக்கு உரியது."

"விரைவாகவும் மலிவாகவும் வேலை நடக்கிறது. நான் எதற்குக் குறுக்கே நிற்க வேண்டும்?" என்று சொல்லி அரசர் இருவரையும் அனுப்பிவிட்டார்.

அதன்பின் ஆமைகளைத் தேடி வருவார் இல்லை. பாறையன் பசியால் மெலிந்தது.

ஒரு நாள் தாய்முயல் ஒன்று தன் குட்டியோடு கரைக்கு வந்தது.

"ஆறு சிவந்திருக்கிறது. இன்று வேண்டாம்," என்றது பாறையன்.

"அப்படியானால் நீர்நாய்களிடம் போகிறேன். அவர்கள் மறுப்பதில்லை."

இந்தக் கூலியும் போய்விடும் என்று எண்ணிப் பாறையன் நீரில் இறங்கி முதுகைக் காட்டியது. பிறகு, "ஏறிக்கொள்," என்றது.

நடு ஆற்றில் மிதந்து வந்த மரமொன்று அவற்றின்மேல் மோதியது. தாய்முயல் ஆமையின் ஓட்டைப் பற்றிக்கொண்டது. குட்டியை வெள்ளம் கொண்டுபோய்விட்டது. சுழலியும் அதன் கூட்டமும் மூழ்கி மூழ்கித் தேடின. குட்டி கிடைக்கவில்லை.

அரசர் சபையைக் கூட்டினார். "சட்டம் தெரிந்தும் ஏன் மீறினாய்?" என்று கேட்டார்.

"குற்றம் என்னுடையது. தண்டியுங்கள்," என்றது பாறையன். "ஆனால் சட்டத்தை மதித்தவரையில் பட்டினி கிடந்தேன், அரசே. மதிக்காதவர்கள் பிழைத்தார்கள்."

"நீர்நாய்களை விரட்டிவிடுங்கள்," என்று மற்ற ஆமைகள் கேட்டன.

அரசர் மறுத்தார். "வேகமாக நீந்துவது குற்றமில்லை. குறைந்த கூலி வாங்குவதும் குற்றமில்லை. இனி, பிறர் உயிரை முதுகில் சுமக்கும் எவருக்கும் இந்தச் சட்டம் உண்டு. பாறையன் இனி யாரையும் ஏற்றக் கூடாது."

பாறையன் தலைகுனிந்து ஏற்றுக்கொண்டது. சுழலியும் சட்டத்துக்கு உடன்பட்டது.

தாய்முயல் மெல்ல முன்னால் வந்தது. "பாறையன் முறையிட்ட அன்றே இதைச் சொல்லியிருக்கக் கூடாதா, அரசே?"



நீதி: ஒரே தொழில் செய்வோர் அனைவருக்கும் சட்டம் ஒன்றாக இருக்க வேண்டும், ஒருவருக்கு விலக்கு அளித்தால் மற்றவரும் சட்டத்தைக் கைவிடுவர்.