கோமளத்தின் பக்கம்

முத்தலைத்துறையில் செவ்வந்தியம்மாளைத் தேடி வருகிறவர்கள் பெரும்பாலும் அவரைவிட மூத்தவர்கள். அம்மாளுக்கு நாற்பத்தைந்து வயதுதான். பகலில் ஆஸ்பத்திரியில் புண்ணுக்குக் கட்டுப் போடும் வேலை. மாலையில் வீட்டு வாசலில் நாலைந்து பேர் வந்து உட்காருவார்கள். கேட்டதற்குப் பதில் சொல்வார். சில கேள்விகளுக்கு மோர் மட்டும் கொடுத்து அனுப்பிவிடுவார்.

வைத்திலிங்கம் அங்கே நான்கு வருடமாக வருகிறவர். வயது அறுபத்து மூன்று. சிமெண்ட் ஆலையில் முப்பது வருடம் இயந்திரங்களைப் பழுது பார்த்தவர். ஓய்வு பெற்றதும் வீட்டை விற்றார். வெளிநாட்டுக்காரர் ஒருவர் துறைமுகத்தில் விட்டுப்போயிருந்த பாய்மரப் படகை வாங்கினார். இரண்டு பேர் சமைத்துச் சாப்பிட்டுக் குடியிருக்க இடமுள்ள படகு. மனைவி கோமளத்தோடு அதில் குடியேறினார். குடாவுக்குள் நங்கூரம் போட்டு நிற்பார்கள். காற்று நன்றாக இருந்தால் பாயை விரித்து இரண்டு மூன்று நாள் போய்விட்டு வருவார்கள்.

ஆரம்பத்தில் அவர் பேச்சில் பெருமை இருந்தது. வீட்டு வரி இல்லை, மதில் சுவர்த் தகராறு இல்லை, எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தவன் நான் என்று வாசலில் உட்கார்ந்திருப்பவர்களிடம் சொல்வார். அம்மாள் அதை ஆமோதித்ததும் இல்லை, மறுத்ததும் இல்லை.

படகில் குடியேறிப் பதினான்கு மாதம் கழித்து ஒரு காலையில் கோமளம் இரண்டு பைகளை எடுத்துக்கொண்டு கரைக்கு இறங்கிவிட்டாள். சண்டை எதுவும் நடக்கவில்லை. மாவு மில்லுக்கு மேலே ஒரு அறையை வாடகைக்குப் பிடித்துக்கொண்டாள். நீங்க இருங்க, எனக்குக் கரைதான் சரிப்படும் என்று மட்டும் சொன்னாள். வெள்ளிக்கிழமைதோறும் அவர் அங்கே போய்ச் சாப்பிடுவார். வெற்றிலை போட்டுக்கொண்டு, இருட்டுவதற்குள் படகுக்குத் திரும்பிவிடுவார். இப்படியே மூன்று வருடம் ஓடிவிட்டது.

அன்று மாலை அவர் வந்தபோது முகத்தில் அந்தப் பெருமை இல்லை. முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். மற்றவர்கள் எழுந்து போகும்வரை வாய் திறக்கவில்லை. பிறகு மெதுவாகச் சொல்ல ஆரம்பித்தார். உப்பு எல்லாவற்றையும் தின்கிறது. பம்பைச் சரிசெய்தால் பேட்டரி போகிறது. பேட்டரியை மாற்றினால் கயிறு இற்றுப்போகிறது. காற்று திரும்பினால் படுக்க முடியாது, நங்கூரம் இழுபடுகிறதா என்று எழுந்து பார்க்க வேண்டும். கரைக்கு வந்துவிடலாம் என்றால் நாலு சுவருக்குள் மூச்சு முட்டிவிடுமோ என்று பயமாக இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் கிடந்து உடம்பு தேய்ந்துகொண்டிருக்கிறது.

“எனக்கு அலுத்துப்போச்சும்மா,” என்றார். “கடலா, கரையா? நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க. அதைச் செஞ்சுட்டு ஓய்ஞ்சு உட்கார்ந்துடறேன்.”

“கோமளம் அக்கா என்ன சொல்றாங்க?”

“அவ ஒண்ணும் சொல்றதில்ல.”

அம்மாள், தான் இதுவரை எந்தப் படகிலும் ஏறியதில்லை என்றும், ஞாயிற்றுக்கிழமை தனக்கு விடுமுறை என்றும் சொன்னார்.

ஞாயிறு காலை வைத்திலிங்கம் சின்ன ரப்பர் படகில் அவரை உட்காரவைத்துத் துடுப்புப் போட்டுக்கொண்டு போனார். அம்மாள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏணியில் ஏறினார். வைத்திலிங்கம் எல்லாவற்றையும் காட்டினார். இன்ஜின், பம்ப், தண்ணீர்த் தொட்டி, பாய்மரத்தின் அடியில் இருந்த போல்ட்டுகள். எதைக் காட்டினாலும், அதைக் கடைசியாக எந்தத் தேதியில் பிரித்துப் பூட்டினார் என்பது அவருக்கு நினைவிருந்தது. காட்டக் காட்ட அவர் குரல் தளர்ந்துகொண்டே வந்தது. சொல்லி முடித்தபோது, அத்தனையையும் மறுபடி ஒருமுறை பிரித்துப் பூட்டியவர் போல் இருந்தார்.

அம்மாள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

“அக்கா எங்க படுப்பாங்க?”

படகின் முன்பக்கம், மூக்குப் போலக் குறுகிப்போகும் சின்ன அறை. அதில் இடது பக்கம். வைத்திலிங்கம் கையால் காட்டினார். அங்கே இப்போது பாய் மூட்டைகளும் பெயிண்ட் டப்பாக்களும் பழைய கயிறும் கூரைவரை அடைந்து கிடந்தன. அவர் முதல் நாளிலிருந்தே நடுவில், படிக்குப் பக்கத்தில்தான் படுப்பார். அங்கே படுத்தால்தான் நங்கூரச் சங்கிலியின் சத்தம் காதில் விழும்.

“அதைக் காலி பண்ணிக் குடுங்க. நான் கொஞ்சம் படுக்கணும்.”

எல்லாவற்றையும் எடுத்து வெளியே வைக்க ஒரு மணி நேரம் ஆனது. அம்மாள் இடது பக்கம் போய்ப் படுத்தார். சற்று நேரத்தில் வானம் இருண்டு மழை பிடித்துக்கொண்டது. வைத்திலிங்கம் மேலே ஏறித் தார்ப்பாயை இழுத்துக் கட்டினார், தொங்கிய கயிறுகளைச் சுருட்டினார், நங்கூரத்தைப் பார்த்தார். கீழே இறங்கி வர அரை மணிக்கு மேல் ஆகிவிட்டது.

அம்மாள் படுத்த இடத்திலேயே இருந்தார். கண் திறந்திருந்தது. இடது தோள் முழுக்க நனைந்திருந்தது. தலைக்கு மேலே இருந்த கண்ணாடி மூடியின் ஓரத்திலிருந்து ஒரு சொட்டு தோளில் விழுந்தது. கொஞ்சம் பொறுத்து இன்னொன்று.

“எந்திரிச்சிருக்கலாமேம்மா.”

“அக்கா எத்தனை நாள் கழிச்சு எந்திரிச்சாங்க?”

வைத்திலிங்கம் மண்டிபோட்டு மூடியின் ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தார். பார்த்ததும் தெரிந்துவிட்டது. ஒரு போல்ட்டின் ரப்பர் வாஷர் நைந்துபோயிருந்தது. இடுக்கில் ஏதோ துணி தட்டுப்பட்டது. நகத்தால் நெம்பி இழுத்தார். திரிபோல முறுக்கிய துணி. ஒன்றன்மேல் ஒன்றாக ஐந்தாறு திரிகள் வந்தன. பூஞ்சை பிடித்துக் கறுத்திருந்தாலும் உள்மடிப்பில் பச்சை நிறம் அப்படியே இருந்தது. வீடு விற்ற அன்று பத்திரப்பதிவு அலுவலகத்துக்குக் கோமளம் கட்டிக்கொண்டு வந்த சேலை.

“எங்கிட்ட அவ சொல்லவே இல்ல,” என்றார்.

அம்மாள் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“சொன்னா,” என்றார் வைத்திலிங்கம். “மூணு நாலு தடவை சொன்னா. பம்பை முடிச்சிட்டு வரேன்னு சொன்னேன்.”

மழை சற்று விட்டதும் ஸ்பானரை எடுத்து வந்து போல்ட்டைக் கழற்றினார். பெட்டியில் புது வாஷர் இருந்தது. போட்டு இறுக்கினார். மறுபடி மழை வலுத்தபோது ஒரு சொட்டும் உள்ளே வரவில்லை. மொத்தம் அரை மணி நேர வேலை. அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. பழைய வாஷரை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தார்.

மூன்று மணி வாக்கில் மழை ஓய்ந்தது. அம்மாளைக் கரையில் இறக்கிவிட்டு, ஈரத் துணியோடு நேராக மாவு மில்லுக்குப் போனார். அன்று வெள்ளிக்கிழமை இல்லை. கதவைத் திறந்த கோமளம் யாருக்காவது உடம்புக்கு முடியவில்லையா என்று கேட்டாள். துண்டு எடுத்துக் கொடுத்தாள்.

ஒழுகலை அடைத்துவிட்டதாகச் சொன்னார். சரி என்றாள். அடுப்பில் காப்பிக்குத் தண்ணீர் வைக்கப் போனாள். சேலைத் துணியைப் பார்த்ததாகச் சொன்னார். அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

பிறகு பேச ஆரம்பித்தாள். ஒழுகலைப் பற்றி அல்ல. வீட்டை விற்பதற்கு முன் யோசிக்க ஒரு வாரம் கேட்டதும், அதற்குள் அவர் பத்திரம் எழுத நாள் குறித்துவிட்டு வந்ததும். தண்ணீரைக் கண்டால் சின்ன வயதிலிருந்தே தனக்குப் பயம் என்பது. அந்தப் படகில் நாள் முழுக்கப் பேச ஆளில்லாமல், தன் குரலே தனக்கு மறந்துபோன மாதிரி ஆனது. அழாமல், அடுக்கிவைத்திருந்ததை ஒவ்வொன்றாக எடுத்து வைக்கிறவள் போலச் சொன்னாள். கீழே மில் ஓடிக்கொண்டிருந்தது; தரை அதிர்ந்தது. அவள் குரலை உயர்த்தவில்லை. அவர்தான் குனிந்து கேட்க வேண்டியிருந்தது.

ஜன்னலுக்கு வெளியே கொடியில் கிடந்த துணி சட்டென்று மறுபக்கம் வீசியது. காற்று திரும்பிவிட்டது. வைத்திலிங்கம் அதைப் பார்க்காதவர் போல இருக்க முயன்றார். கோமளம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். காதில் சங்கிலிச் சத்தம்தான் கேட்டது. எழுந்துவிட்டார்.

“காத்து மாறிடுச்சு. படகைப் பார்த்துட்டு வந்துடறேன்.”

கோமளம் சொல்லவந்ததை நிறுத்தினாள்.

“சரி, போங்க,” என்றாள்.

துறைமுகத்து மேட்டில் நின்று பார்த்தார். படகு மூக்கைத் திருப்பிக்கொண்டு அதே இடத்தில் அமைதியாக நின்றது. ஒன்றும் ஆகவில்லை. அவர் திரும்பி நடந்தார். மில்லுக்குப் போகும் பாதையில் கால் வைத்துவிட்டு, பிறகு செவ்வந்தியம்மாளின் வீட்டுப் பக்கம் திரும்பினார்.

அம்மாள் மறுநாளைக்கான கட்டுத் துணிகளை வெட்டிக்கொண்டிருந்தார். வைத்திலிங்கம் வாசற்படியில் உட்கார்ந்து நடந்ததையெல்லாம் சொன்னார். பேசி முடித்தபோது அவருக்கு மூச்சு வாங்கியது.

“இப்ப சொல்லுங்கம்மா. படகை வித்துடவா, இல்ல அவளைத் திரும்பக் கூப்பிடவா? கடலா, கரையா?”

அம்மாள் கத்தரிக்கோலைக் கீழே வைத்தார்.

“அக்கா பேசி முடிச்சிட்டாங்களா?”

“இல்லம்மா. பாதியில இருந்தா.”

“அப்புறம் இங்க எதுக்கு வந்தீங்க?”