மலை ஏறின முருங்கைக்கீரை

ஒரு ஊர்ல ஒரு அக்காவும் தங்கச்சியும் இருந்தாங்களாம். அப்பா அம்மா இல்ல. அக்கா வேலாத்தா மலையடிவாரத்துல வாக்கப்பட்டா. வாசல்ல பெரிய முருங்கை மரம். தங்கச்சி செண்பகத்தை மலை மேல ஆரஞ்சுத் தோட்டத்துக்காரருக்குக் கட்டிக் குடுத்தாங்க. என்ன, 'ம்' சத்தத்தைக் காணோம்?

ம்... அப்படிச் சொல்லு.

செண்பகம் பஸ் கண்டக்டர்கிட்ட ஆரஞ்சு குடுத்து விடுவா. அதை உரிக்கறப்பல்லாம் அக்காவுக்குத் தங்கச்சி நெனப்பு வந்துடும். போய்ப் பாக்கலாம்னா மாமனார் படுத்த படுக்கை, வீட்டுக்காரர் லாரிக்குப் போயிடுவார். கெழவரை யாரு பாப்பா?

அப்புறம் செண்பகம் முழுகாம இருந்தா. நர்ஸம்மா கண்ணு இமையை இழுத்துப் பாத்து, "ஏம்மா இப்படி வெளுத்துக் கெடக்கே? என்ன சாப்பிடறே?"ன்னாங்க.

"ஆரஞ்சுதான்."

"ஆரஞ்சு நல்லதுதான். ஆனா ரத்தம் ஊற இரும்புச்சத்து வேணும். அது ஆரஞ்சுல ரொம்பக் கம்மி, முருங்கைக்கீரையில நெறைய. கீரையைத் தின்னு, கூடவே ஆரஞ்சு தின்னு. கீரையில இருக்கற இரும்பு உடம்புல ஒட்டறதுக்குப் பழம் ஒத்தாசை பண்ணும். மாத்திரையையும் விட்டுடாதே."

அந்தக் குளிர்ல முருங்கை ஏது? வேற கீரையை வாயில வெச்சா உவ்வேன்னு வந்துடும். "எங்கக்காகிட்ட சொல்லுங்கண்ணே"ன்னு கண்டக்டர்கிட்ட சொல்லி விட்டா.

அக்கா சரசரன்னு கீரையை உருவி, ஈரத்துணியில முடிஞ்சு அனுப்பினா. மேல போறதுக்குள்ள கருத்து உதிர்ந்து போச்சு. அப்புறம் பொரியல் பண்ணித் தூக்குவாளியில அனுப்பினா. வழியில மரம் விழுந்து பஸ் நின்னு, பொரியல் ஊசிப்போச்சு. செண்பகம் மூடியைத் தொறந்து மோந்து பாத்துட்டு அப்படியே உக்காந்துட்டாளாம்.

அதைக் கேட்டதும் அக்கா அடுப்படியில நின்னு அழுதா. அப்போ மாமனார் கூப்பிட்டார். "போ புள்ள. பக்கத்து வீட்டுக்காரி எனக்குக் கஞ்சி ஊத்துவா. உன் கூடப்பொறந்தவளைப் போய்ப் பாரு."

சடக்! சடக்! கொப்போட ஒடிச்சு, ஈரச்சாக்குல சுத்தி, மடியில வெச்சுக்கிட்டு அக்காவே பஸ் ஏறிட்டா. உர்ர்ர்ருன்னு வளைவு வளைவா ஏறுது பஸ்ஸு. அக்கா சாக்கைத் தொட்டுத் தொட்டுப் பாத்துக்கறா.

தங்கச்சி வீட்டு அடுப்புல சொய்ங்! கீரை வெந்துச்சு. செண்பகம் சோத்தைப் பெசஞ்சு பெசஞ்சு தின்னா. அக்கா ஆரஞ்சை உரிச்சுச் சுளை சுளையாக் குடுத்தா.

பாம்... பாம்... கடைசி பஸ் வந்துடுச்சு. செண்பகம் அக்காவோட முந்தானையைப் பிடிச்சவ விடவே இல்ல. அக்கா அவ மூஞ்சியைப் பாத்தா.

"ஏண்டி, தலப்பிரசவம் அம்மா வீட்டுலதானே? அம்மா இல்லேன்னா, நான் செத்தா போயிட்டேன்? கெளம்பு."

செண்பகம் ஓன்னு அழுதுட்டா. "இதைச் சொல்ல மாட்டியா, சொல்ல மாட்டியான்னுதான்க்கா காத்துக்கிட்டிருந்தேன்."

அவ வீட்டுக்காரர் பையை எடுத்து பஸ்ஸுல வெச்சார். உர்ர்ர்... பஸ் கீழ எறங்குது. அக்கா தோள்ல சாஞ்சு செண்பகம் தூங்கிட்டா. கதையும் சாஞ்சுடுச்சு, கண்ணு. நீயும் தூங்கு.