கடைசிக் கை

சால்னா கவரை நாலாய் மடித்து மூன்றாவது மூட்டையின் நடுவே செருகிவிட்டு, அருமைநாயகம் மூட்டையின் வாயைச் சேர்த்துக் கட்டினார். கயிற்றை இரண்டு சுற்றுச் சுற்றி, நுனியை உள்ளே விட்டு இழுத்தார். விரலில் எண்ணெய் பிசுபிசுத்தது. வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

அது அவருடைய மூட்டை அல்ல. தவமணியுடையது.

கொட்டகையில் வேறு யாரும் இல்லை. மற்றவர்கள் பின்னால் தொட்டியடியில் பால் கவர் கழுவிக்கொண்டிருந்தார்கள். மொத்தம் பன்னிரண்டு பேர். யாருக்கும் சம்பளம் கிடையாது. வாரம் முழுக்க ஊரின் பிளாஸ்டிக்கை வீடு வீடாக வாங்கிக் கழுவி, காயவைத்து, தரம் பிரித்துக் கட்டுவார்கள். சனிக்கிழமை பத்து மணிக்கு டவுனிலிருந்து ஆலை வண்டி வரும். ஒரு கவரில் எண்ணெய் இருந்தால் போதும், முழு லோடும் திரும்பிவிடும்.

அதனால் வண்டி வருமுன் ஒருவர் எல்லா மூட்டையையும் அவிழ்த்துக் கைவிட்டுப் பார்ப்பார். கடைசிக் கை என்று அதற்குப் பெயர். அழுக்கு அகப்பட்டால் அதைத் தூக்கிப் பிடித்து மூட்டைக்காரரின் பெயரைச் சத்தமாகச் சொல்ல வேண்டும். அருமைநாயகத்தின் பெயர் மூன்று வருஷத்தில் ஒருமுறையும் சொல்லப்பட்டதில்லை.

கடைசிக் கை மாடத்தியுடையது. டவுன் குப்பைமேட்டில் பதினோரு வருஷம் பொறுக்கியவள். இந்த ஊருக்கு வாக்கப்பட்டு வந்து எல்லோருக்கும் வேலையைக் கற்றுத்தந்தவள். ரிட்டையரான கண்டக்டர் அருமைநாயகம், தன்னைவிட இருபது வயது இளையவளைத் தாயி என்றுதான் கூப்பிட்டார். அடுத்த வாரம் முதல் அவள் பக்கத்து ஊரில் இதே வேலையைத் தொடங்கப் போகிறாள். இங்கே கடைசிக் கை யாருக்கு என்று இன்றைக்குச் சொல்வாள்.

கழுவிய கவரை மாடத்தி முகர்ந்து பார்ப்பாள். நன்றாக இருந்தால் "ம்" என்பாள். மூன்று வருஷத்தில் அருமைநாயகத்துக்கு எத்தனையோ "ம்" கிடைத்திருக்கிறது. தவமணி வந்து இரண்டு மாதம். போன புதன்கிழமை அவளுடைய கவரை முகர்ந்துவிட்டு மாடத்தி சிரித்தாள்.

அந்தச் சிரிப்பு அவர் தொண்டையில் மீன் முள் மாதிரி நின்றது.

இன்றைக்கு மாடத்தி வாயாலேயே தவமணி பெயர் வர வேண்டும். அவருக்கு அவ்வளவுதான்.

மாடத்தி உள்ளே வந்தாள். தோளில் காய்ந்த துண்டு. கடைசிக் கைக்கு ஈரம் ஆகாது, ஈரக் கைக்கு எண்ணெய் தெரியாது என்பாள். அந்தத் துண்டை வேறு யாரும் தொட்டதில்லை.

"தாயி, ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க அண்ணாச்சி."

"நான் வந்து மூணு வருசம். அவ நேத்து வந்தவ. எங்கிட்ட இல்லாதது அவகிட்ட என்ன இருக்கு?"

"எவ?"

"தெரியாத மாதிரி கேக்கீயளே."

மாடத்தி மூட்டை வரிசையைப் பார்த்துக்கொண்டே நடந்தாள். மூட்டைகளில் பெயர் எழுதுவதில்லை. ஆளுக்கொரு முடிச்சு, அதுவே அடையாளம். தவமணி கோயில் வாசலில் பூக்கட்டி விற்கிறவள், மூட்டையையும் பூ மாதிரிதான் கட்டுவாள். மூன்றாவது மூட்டையிடம் மாடத்தி நின்றாள். குனிந்தாள். தொடவில்லை.

"ஏ தவமணி! இங்க வா."

தவமணி ஈரக் கையை உதறிக்கொண்டே வந்தாள்.

"இது யாரு மூட்டை?"

"எனக்குள்ளதுதான்க்கா."

"முடிச்சைப் பாத்துச் சொல்லு."

தவமணி குனிந்து பார்த்துச் சிரித்தாள். "அய்ய, இது அண்ணாச்சி முடிச்சுல்லா. பஸ்சு மேல வாழைத்தார் கட்டுத முடிச்சு. வெடி வச்சாத்தான் அவுறும்." அவர் பக்கம் திரும்பினாள். "என் கட்டு நெகுந்து கெடந்துச்சாக்கும்? நீங்க இறுக்கி விட்டீயளோ? நானே பயந்துக்கிட்டுத்தான் இருந்தேன், பூக்கட்டு இதுக்குத் தாங்குமோ என்னமோன்னு. நல்லாருப்பீய அண்ணாச்சி."

தொட்டிக்குத் திரும்பிப் போய்விட்டாள்.

அருமைநாயகம் தன் விரல்களைப் பார்த்தார். முப்பது வருஷம் கட்டிய முடிச்சு. கை அதுவாகவே கட்டியிருந்தது.

மாடத்தி மூட்டையைக் காலால் நகர்த்தி அவருடைய வரிசையில் சேர்த்தாள்.

"முடிச்சு யாருதோ, மூட்டை அவுகளுது."

பிறகு தோளிலிருந்த துண்டை எடுத்து அவர் தோளில் போட்டாள்.

"இன்னைக்கு நீங்க பாருங்க."

"இன்னைக்கு மட்டுமா?"

"அதைப் பாத்து முடிச்சுட்டு நீங்களே சொல்லுங்க."

மூன்று வருஷமாக அவர் ஆசைப்பட்ட துண்டு. தோளில் கனமாக இருந்தது.

"தாயி, நான் கேட்டதுக்குப் பதில் சொல்லலியே."

"அவதான் சொல்லிட்டுப் போனாளே அண்ணாச்சி. காதுல விழலையா?"

எல்லோரும் கொட்டகைக்கு வந்து சுற்றி நின்றார்கள். அருமைநாயகம் மற்றவர்களின் மூட்டைகளை முதலில் அவிழ்த்தார். ஒவ்வொன்றிலும் தோள்வரை கைவிட்டுத் துழாவினார். சுத்தம். தவமணியின் மற்ற மூட்டைகளிலும் சருகு மாதிரி சலசலப்புத்தான்.

தன்னுடைய வரிசைக்கு வந்தார். அந்த முடிச்சை அவிழ்க்க நேரமாயிற்று. கையை விட்டார். கவர் உடனே அகப்பட்டது. விட்டுவிட்டுக் கையை வெறுமனே எடுக்கலாம். மூட்டைக்குள் கை என்ன செய்கிறது என்று வெளியே நிற்கிறவர்களுக்குத் தெரியாது.

மாடத்தி கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் கவரைத் தூக்கிப் பிடித்தார்.

"அருமைநாயகம்."

பஸ்சில் நிறுத்தத்தின் பெயர் சொல்லும் அதே குரலில்தான் சொன்னார்.

"போச்சு போ! செக்கிங்ல கண்டக்டரே மாட்டிக்கிட்டாரு!" என்றார் டெய்லர் சுடலைக்கண்ணு.

"ராத்திரி புரோட்டா பலமோ அண்ணாச்சி?" என்றது இன்னொரு குரல்.

கொட்டகையே சிரித்தது. தவமணி சிரிக்கவில்லை. சால்னா கவரைப் பார்த்தாள். மூட்டையைப் பார்த்தாள். அவரை ஒருமுறை பார்த்துவிட்டுத் தொட்டிக்குப் போனாள்.

இன்னும் இரண்டு மூட்டை பாக்கி இருந்தது. அருமைநாயகம் கவரை எடுத்துக்கொண்டு அவள் பின்னால் போனார். தொட்டியின் விளிம்பில் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். தவமணி சாம்பல் சிரட்டையை அவர் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

அவர் துண்டைத் தோளிலிருந்து எடுத்து, நனையாத இடம் பார்த்து, அவளருகே கல்லில் வைத்தார். சாம்பலைத் தொட்டுக் கவரைத் தேய்க்கத் தொடங்கினார்.

தவமணி துண்டை எடுத்து விரல் விரலாகக் கையைத் துடைத்துக்கொண்டு, பாக்கி மூட்டை இருந்த கொட்டகைக்கு எழுந்து போனாள்.