இரண்டு புள்ளிகள்

ஆசிரமத்தின் உரைகளெல்லாம் ஒலிப்பதிவுகளாக ஒரு கணினியில் கிடந்தன. ஃபோல்டருக்குள் ஃபோல்டர், அதற்குள் இன்னொன்று. அத்தனையையும் தோண்டி இணையப் பக்கத்தில் வரிசையாகக் காட்டும் ஸ்கிரிப்டை, அதாவது ஒரு சின்ன நிரலை, எழுதும் வேலை கைலாசத்துக்கு வந்தது. மனைவி இறந்தபின் உத்தியோகத்தை விட்டுவிட்டு வந்தவர். குரு பூங்கோதை அம்மாவைவிட வயதில் மூத்தவர்.

ஸ்கிரிப்ட் ஓட ஆரம்பித்தால் நிற்கவே இல்லை. அதே பெயர்களைத் திரும்பத் திரும்பக் கக்கிவிட்டு மூச்சடைத்து விழுந்தது.

கைலாசம் குருவிடம் வந்தார்.

"அம்மா, நான் ஊருக்கே போயிடறேன்."

"ஏன்?"

"தியானத்துல கண்ணை மூடினா ஆஸ்பத்திரி வராண்டாதான் வருது. அவ போயிட்டான்னு சொன்ன இடம். எவ்வளவு உள்ளே போனாலும் அங்கேயே வந்து நிக்கறேன். கொடுத்த வேலையும் ஓடலை. நான் எதுக்கும் லாயக்கில்லை."

சொல்லும்போதே அழுதுவிட்டார். குரு ஆறுதல் சொல்லவில்லை. அது அவர் வழக்கமுமில்லை.

"போறதுக்கு முன்னாடி ஒரு வேலை. சமையற்கட்டுக்குப் போங்க. உள்ளே எந்தக் கதவைப் பார்த்தாலும் நுழைஞ்சு, அங்கே என்ன இருக்குன்னு பார்த்துட்டு வாங்க."

அந்த ஆசிரமத்தில் குரு சொன்னதைச் சொன்னபடியே செய்வார்கள். குறுக்குக் கேள்வி கிடையாது.

சமையற்கட்டில் ஒரு கதவு. நுழைந்தார். உக்கிராணம், அரிசி மூட்டைகள். அங்கும் ஒரு கதவுதான். நுழைந்தார். சமையற்கட்டு. மறுபடி கதவு, மறுபடி உக்கிராணம். சாம்பார் கொதிக்கிற நேரத்தில் ஒருவர் இப்படிப் போவதும் வருவதுமாக இருந்தால் சமையல்காரருக்குக் கோபம் வராதா? கரண்டியோடு வந்து விரட்டிவிட்டார்.

"முடியலை அம்மா. உக்கிராணத்துல இருக்கறது நான் வந்த கதவுதான். நுழைஞ்சா திரும்பவும் சமையற்கட்டு."

"வந்த கதவுன்னு உங்களுக்குத் தெரியுது."

"ஆமாம்."

"உங்க ஸ்கிரிப்டுக்குத் தெரியுமா?"

கைலாசம் கணினிக்கு ஓடினார். எந்த ஃபோல்டரை எடுத்தாலும் உள்ளே, நம் கண்ணில் படாமல், இரண்டு பெயர்கள் உண்டு. ஒற்றைப் புள்ளி அந்த ஃபோல்டரையே குறிக்கும். இரட்டைப் புள்ளி, அதற்கு மேலே உள்ளதை. இரண்டையும் புது ஃபோல்டர்கள் என்று எண்ணி ஸ்கிரிப்ட் நுழைந்துகொண்டே இருந்திருக்கிறது. ஒரு வரி சேர்த்தார். பட்டியல் அடிவரை இறங்கி நின்றது.

திரும்பி வந்தபோதும் அவர் முகம் தெளியவில்லை.

"அது சரியாயிடுச்சு அம்மா. இந்த வராண்டாவை எப்படி அழிக்கறது?"

"அந்தப் புள்ளிகளை அழிச்சிட்டீங்களா?"

"அழிக்க முடியாதே. ஃபோல்டர்னு இருந்தா அதுவும் இருக்கும்."

"அப்புறம் எப்படி நின்னுது?"

"பார்த்தாலும் உள்ளே நுழையாதேன்னு சொல்லிட்டேன்."

குரு எதிரே இருந்த பாயைக் காட்டினார்.

"உட்காருங்க."