வால்பாறைக் காருக்கு ஓர் அச்சு

பொள்ளாச்சியில் வஞ்சியம்மாள் என்று ஒரு மேஸ்திரி இருந்தார். பழைய கார்களைப் பிரித்து மாட்டுவதில் அந்தப் பக்கத்தில் அவருக்கு நிகரான ஆள் கிடையாது. அவரிடம் தொழில் கற்க வந்த ராக்கியண்ணன் அவரைவிட வயதில் மூத்தவன். வேலை பார்த்த மர மில் மூடப்பட்டதால், ஐம்பது தாண்டியபின் ஸ்பேனர் பிடித்தவன்.

வேலை சுத்தமான வேலைதான். மனசில்தான் பயம். முடுக்கிய போல்ட்டை மறுபடி முடுக்குவான். பூட்டிய கதவை, பாதி வழி போனவன் திரும்பி வந்து இழுத்துப் பார்ப்பான்.

ஓர் ஆவணியில், வால்பாறை அருளானந்தம் தன் தாத்தா வாங்கிய காரை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தார். பின் அச்சு முறிந்திருந்தது. வீட்டு வாசலில் ரிவர்ஸ் எடுக்கும்போது முறிந்ததால் பிழைத்தோம் என்றார். மகள் ஜெசிந்தாவுக்குக் கல்யாணம். அவளை இந்தக் காரில்தான் மலையிலிருந்து இறக்கிப் பொள்ளாச்சி மாதா கோயிலுக்குக் கூட்டிவர வேண்டும் என்பது அவர் ஆசை.

ராக்கியண்ணன் முறிந்த துண்டைக் கையில் வாங்கினான். இந்த மாதிரிக் காரில் சக்கரத்தைப் பிடித்திருப்பதே அச்சின் நுனிதான். அது போனால் சக்கரம் தனியாக உருண்டுவிடும். வாசலில் போனால் சரி. வால்பாறைப் பாதையில், கொண்டை ஊசி வளைவில், உள்ளே கல்யாணப் பெண் இருக்கும்போது போனால்? அதற்கு மேல் நினைக்க அவனால் முடியவில்லை.

அச்சு தேடி அலைந்தான். கோவை உக்கடத்துப் பழைய இரும்புக் கடைகளில் கையை விரித்துவிட்டார்கள். சென்னைக்குப் போய்ப் புதுப்பேட்டையைச் சல்லடை போட்டுச் சலித்தான். ஒரு கடைக்காரர் லாரி அச்சு ஒன்றைக் காட்டி, வெட்டிக் கடைந்து போட்டுக்கொள்ளச் சொன்னார். இன்னொருவர், இந்த வண்டி இன்னுமா ஓடுகிறது என்று சிரித்தார். கடைசியில் யாரோ சொன்ன துப்பில் காரைக்குடி போனான். அங்கே ஒரு தகரக் கொட்டகையில் அதே மாதிரிக் கார், கோழிகள் அடையும் கூடாகக் கிடந்தது. வீட்டுக்காரர் அச்சைக் கழற்றிக்கொள்ளச் சம்மதித்தார். கழற்றி முடித்த பிறகுதான், இந்த வண்டி ஒருமுறை குப்புறக் கவிழ்ந்தது என்று சொன்னார்.

சாக்கில் சுற்றிய அச்சை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தான். வழியெல்லாம் அது கனத்துக்கொண்டே போவதுபோல இருந்தது.

வஞ்சியம்மாள் அச்சை மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, துடைத்து, சாக்பீஸ் மாவைத் தடவினார். விரிசல் இருந்தால் அதற்குள் இறங்கிய எண்ணெய் கசிந்து மாவில் கோடாகத் தெரியும். வெகுநேரம் பார்த்தார். கோடு இல்லை.

"மாட்டுங்க" என்றார்.

மாட்டினான். அச்சு பொருந்தியது. பயம் போகவில்லை.

"மேஸ்திரி, எனக்கு எதைத் தொட்டாலும் பயமா இருக்குதுங்க. வீண் பயம் எது, நிஜ பயம் எதுன்னு எப்படிங்க தெரிஞ்சுக்கிறது?"

வஞ்சியம்மாள் நான்கு பேர் கனத்துக்கு மணல் மூட்டைகளை ஏற்றச் சொன்னார். "வால்பாறை போயிட்டு வரலாம். நீங்க ஓட்டுங்க."

ஏற்றம் ஒரு குறையும் இல்லாமல் முடிந்தது. இறங்கும்போது பனி மூடிவிட்டது. சாலையின் ஒரு பக்கம் பாறை. மறுபக்கம் வெறும் வெள்ளை. அந்த வெள்ளைக்குக் கீழே எவ்வளவு ஆழம் என்று அவனுக்குத் தெரியும்.

ஏதோ கருகும் வாடை வந்தது. நிறுத்தினான். வஞ்சியம்மாள் இறங்கிச் சக்கரங்களுக்குக் கல் வைத்தார். புறங்கையால் சக்கரத்தின் நடுவே தொட்டு, சூடு பார்த்தார். வாடை, கீழே தேயிலைத் தோட்டத்தில் யாரோ சருகு எரித்ததால் வந்தது.

மறுபடி கிளம்பினார்கள். பின்னால் கடகடவென்றது. நிறுத்தினான். அவர் இறங்கினார், கல் வைத்தார், குனிந்து பார்த்தார். டிக்கியில் ஸ்பேனர் பெட்டி சரிந்திருந்தது. அப்புறமும் நிறுத்தினான், காரணம் சொல்லத் தெரியாமலே. அப்போதும் அவர் இறங்கினார். பின்னால் வந்த பஸ்காரன் ஹாரன் அடித்துத் திட்டிவிட்டுப் போனான். ராக்கியண்ணனுக்கு முகம் சுருங்கிவிட்டது.

ஒரு வளைவில் திரும்பும்போது 'டிக்' என்றது. ஒரே ஒருமுறை. வஞ்சியம்மாள் நேரே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் காதில் விழவில்லை போலிருந்தது.

இனியும் நிறுத்தினால் இவன் இந்தத் தொழிலுக்கு லாயக்கில்லை என்று நினைப்பார். அடுத்த வளைவு வரை ஓட்டினான். உள்ளங்கை வேர்த்து ஸ்டியரிங் வழுக்கியது. பின்னால் இருப்பவை மணல் மூட்டைகள்தான் என்று தெரிந்தும், திரும்பிப் பார்க்கத் துணிவில்லை.

நிறுத்தினான்.

அவர் இறங்கிக் கல் வைத்தார். இந்த முறை ஜாக்கி வைத்துச் சக்கரத்தையே கழற்றச் சொன்னார். அச்சின் நுனியை எண்ணெய் போட்டுத் துடைத்து, மாவைத் தடவினார். இருவரும் குந்தி உட்கார்ந்து பார்த்தார்கள். வெள்ளை மாவில், தலைமுடி பருமனில், ஒரு கோடு மெல்ல ஊறி வந்தது.

ராக்கியண்ணன் அதைத் துடைத்துவிட்டு மறுபடி மாவு தடவினான். அதே இடத்தில் வந்தது. ஒர்க்‌ஷாப்பில் காட்டாத விரிசலைப் பாரத்தோடு மலை ஏறி இறங்கியது பிளந்து காட்டிவிட்டது. அவன் அப்படியே ரோட்டோரச் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான்.

காரை லாரியில்தான் கீழே இறக்கினார்கள். அருளானந்தம் வந்து மன்றாடினார். மெதுவாக ஓட்டுகிறேன், ஒரே ஒரு தடவைதானே என்றார். வஞ்சியம்மாள் அச்சை அவர் கையில் கொடுத்து, அந்தக் கோட்டைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். தொட்டவர் ஜீப்புக்கு ஏற்பாடு செய்யக் கிளம்பினார். ஜெசிந்தா ஜீப்பில் இறங்கி வந்து, கல்யாணம் நல்லபடியாக நடந்தது.

கார் ஒர்க்‌ஷாப்பிலேயே நின்றது. நாகர்கோவிலில் ஒருவரிடம் இன்னொரு அச்சு இருப்பதாகத் தகவல் வந்தது. கிளம்புமுன் ராக்கியண்ணன் வஞ்சியம்மாளிடம் வந்து நின்றான்.

"மேஸ்திரி, அன்னைக்கு முதல்ல நிறுத்தினதெல்லாம் வீண் பயம். கடைசியா நிறுத்தினதுதான் நிஜம். ஆனா எனக்கு எல்லாம் ஒரே மாதிரிதாங்க இருந்துது. உங்களை மாதிரி பிரிச்சுப் பார்க்க எனக்கு எப்பங்க வரும்?"

வஞ்சியம்மாள் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"முதல்ல நிறுத்தினது வீணுன்னு உங்களுக்கு எப்பத் தெரிஞ்சுது?"

"இறங்கிப் பார்த்தப்புறங்க."

"எனக்கும் அப்பத்தான் தெரிஞ்சுதுங்கண்ணா."