சேவுக் கரண்டி எந்தக் கணக்கில் வரும்?

சாத்தூர்ப் பக்கம் ஓர் ஊரில் எண்ணெய்ச் செக்கு வைத்திருந்த ஆதிமூலம், அறுபது வயதுக்கு மேல் மாணவரானார்.

பள்ளிக்கூடத்தில் அவர் எட்டாவதைத் தாண்டவில்லை. இப்போது சேர்ந்தது கைப்பேசியில் நடக்கும் வகுப்பு. வக்கீல் ஆபீசில் உதவியாளராகப் போக நினைப்பவர்களுக்குத் திவால் சட்டம் சொல்லித் தந்தார்கள். தமிழ் எழுதப் படிக்கத் தெரிந்தால் போதும் என்று விளம்பரத்தில் போட்டிருந்தது.

குரு திருச்சியில் இருந்தார். பெயர் ஜமீலா. ஆதிமூலத்தின் மூத்த மகளைவிட இளையவர்.

முதல் நாள், ஏன் படிக்க வந்தீர்கள் என்று ஜமீலா ஒவ்வொருவராகக் கேட்டார்.

மார்த்தாண்டத்திலிருந்து பேசிய ரோஸ்லின், "வேலைக்கு மேடம்" என்றாள். மற்றவர்களும் அதையேதான் சொன்னார்கள்.

ஆதிமூலம், "ஒருத்தனைப் பிடிக்க" என்றார்.

வகுப்பு சிரித்தது. ஜமீலா சிரிக்கவில்லை.

"யாரை ஐயா?"

"எதிர்த்த கடைக்காரன். தங்கப்பழம். சேவுக் கடை. என் எண்ணெயைக் கடனுக்கு வாங்கி வாங்கி ஊருக்கெல்லாம் சேவு போட்டான். கடைசியில மஞ்சள் கடுதாசி கொடுத்துட்டான். என்னால இனிமே கட்ட முடியாதுன்னு கோர்ட்டுல போய் நின்னுட்டான். கோர்ட்டும் இருந்ததை வித்து ஆளுக்குக் கொஞ்சம் கொடுத்துச்சு. மிச்சக் கடனைத் தள்ளிட்டு, போய்ட்டு வாப்பான்னு அவனை அனுப்பிருச்சு."

"அதுக்குப் பேரு விடுவிப்பு."

"பேரு எனக்கும் தெரியும். அதை உடைக்கணும். அவன் எதையோ ஒளிச்சு வச்சிருக்கான். அதை நிரூபிச்சு மனு போட்டேன்னா விடுவிப்பு ரத்து. கடைக்கு மறுபடியும் பூட்டு."

"இது எப்ப நடந்தது ஐயா?"

"எட்டு வருஷம் ஆச்சு."

"அதுக்கப்புறம் அவர்கூடப் பேசினீங்களா?"

"கோர்ட்டே விட்ட ஆள்கிட்ட எனக்கென்ன பேச்சு? அஞ்சு மணிக்கு அவன் அடுப்பு பத்த வைப்பான். நான் ஜன்னலைச் சாத்திருவேன். அவ்வளவுதான் எங்க போக்குவரத்து."

ஆதிமூலத்தின் கோபத்தில் நியாயம் இருந்தது. ஊரில் யாரும் அதை மறுக்கவில்லை. யாராவது மறுத்திருந்தால் சண்டை போட்டு முடித்திருப்பார்.

வகுப்பு முடியும் நேரத்தில் அவர் கேட்டார். "ஒரு சந்தேகம் மேடம். கடன் வாங்கினவனுக்கு விடுவிப்பு இருக்கு. கொடுத்தவனுக்கு விடுவிப்பு எந்தப் பாடத்துல வருது?"

"அந்தப் பாடம் இன்னும் வரல ஐயா" என்றார் ஜமீலா. பிறகு பெயர் கூப்பிட்டு வருகை போட்டார்.

ஒவ்வொரு வகுப்பும் இப்படித்தான் முடிந்தது. அவர் கேட்பார். இன்னும் வரவில்லை என்பார் ஜமீலா. வருகை போடுவார்.

சொல்லப்போனால் ஆதிமூலம் நல்ல மாணவர். எல்லோரும் பாட்டுக் கேட்க உட்கார்ந்த மாதிரி சும்மா இருக்க, இவர் மட்டும் கேள்வி கேட்பார். மைக்கை அணைக்க அவருக்கு வராது. அதனால் அவர் மனைவி சண்முகவடிவும் மாணவி ஆகிவிட்டாள். அடுக்களையிலிருந்து அவள் போடும் அதட்டல் மார்த்தாண்டம்வரை கேட்டது.

ஒருநாள் ஜமீலா கேட்டார். "திவாலானவர்கிட்ட இருந்து எதையெல்லாம் எடுக்கலாம்?"

ஆதிமூலம் முந்திக்கொண்டார். "எல்லாத்தையும்."

"எடுக்கக் கூடாதது சிலது இருக்கு. உடுத்துற துணி. சமைக்கிற பாத்திரம். பொம்பளைங்க கழுத்துத் தாலி. படுக்கை."

"படுக்கையுமா?"

"ஆமா ஐயா. கடன்பட்டவரும் தூங்கணும்ல."

"கடன் கொடுத்தவனுக்குத் தூக்கம் வேண்டாமா?"

அடுக்களையிலிருந்து சண்முகவடிவின் குரல் வந்தது. "இவருக்கு ஒரு படுக்கை தனியா இருக்கு மேடம். தங்கப்பழத்து மேல உள்ள கோவம். ராத்திரியானா அதைத்தான் விரிச்சுப் படுக்காரு. காலையில சுருட்டித் தலைமாட்டுல வச்சுக்கிடுதாரு."

ரோஸ்லின் சிரித்த சிரிப்பில் அவள் கைப்பேசியே கீழே விழுந்துவிட்டது. அவள் வீட்டு விட்டத்தை எல்லோரும் கொஞ்ச நேரம் பார்த்தார்கள்.

"அதை யாரும் எடுக்க முடியாது ஐயா" என்றார் ஜமீலா. "படுக்கைக் கணக்குல போயிடுது."

"மேல சொல்லுங்க" என்றார் ஆதிமூலம். முகம் கடுகடுவென்று இருந்தது.

"கைத்தொழில் செய்றவரோட கருவி. அதையும் எடுக்கக் கூடாது. தச்சருக்கு உளி மாதிரி."

ஆதிமூலம் நிமிர்ந்தார். "சேவுக் கரண்டி?"

"அது என்ன ஐயா?"

"கண்கண்ணா ஓட்டை போட்ட பெரிய கரண்டி. சட்டிக்கு மேல பிடிச்சு மாவை உள்ளங்கையால தேய்ப்பான். சேவு எண்ணெயில விழும். கோர்ட்டு ஏலம் போட்டப்ப அந்தக் கரண்டி வரவே இல்ல. ஒளிச்சுட்டான்னு எட்டு வருஷமா சொல்லிக்கிட்டிருக்கேன்."

"ஒளிக்கல ஐயா. அதை யாரும் எடுத்திருக்க மாட்டாங்க."

"என்ன மேடம் சட்டம் இது? கரண்டியை விட்டா மறுபடியும் கடை போட்டுருவானே!"

"அதுக்குத்தான் ஐயா விடுறது."

அன்று பாடம் முடிகிற நேரத்தில் ஆதிமூலம் தன் வழக்கமான கேள்வியைக்கூடக் கேட்கவில்லை. அவர் இல்லையோ என்று ஜமீலா இரண்டு தடவை பெயரைக் கூப்பிட்டார்.

அடுத்த வகுப்புகளுக்கு வந்தார். எழுதிக்கொண்டே இருந்தார்.

கடைசி வகுப்பு வந்தது.

"எல்லாரும் ஒரு மனு எழுதிட்டு வரச் சொன்னேனே, யார் எழுதினீங்க?" என்று கேட்டார் ஜமீலா.

ஆதிமூலம் தொண்டையைச் செருமினார். "நான் எழுதியிருக்கேன். பாடத்துக்கு இல்ல. நிஜ மனு. திங்கக்கிழமை கோர்ட்டுல போடப் போறேன்."

சண்முகவடிவு அடுக்களையை விட்டு வெளியே வந்தாள்.

"கரண்டி போகட்டும்" என்றார் அவர். "அதை நான் விட்டுட்டேன். சட்டி இருக்கு. ஆள் உள்ள உக்காந்து குளிக்கலாம், அவ்வளவு பெரிய சட்டி. புதுசு. திவாலான மறுவருஷமே புதுச் சட்டி வாங்க அவனுக்கு எங்கிருந்து வந்துச்சு? ஒளிச்ச பணம்தானே?"

"அந்த மனுஷன் கடையில ரெண்டு பிள்ளைகளோட பிழைப்பு ஓடுது" என்றாள் சண்முகவடிவு.

"என் எண்ணெயிலயும் பிழைப்புத்தான் ஓடுச்சு."

ஜமீலா குறுக்கே வந்தார். "மனு போடுறது உங்க உரிமை ஐயா. யாரும் தடுக்க முடியாது. நானே சரி பார்த்துத் தரேன். ஒண்ணே ஒண்ணு. நான் நேர்ல பார்த்ததுன்னு கீழே உறுதி சொல்லிக் கையெழுத்துப் போடணும். சட்டி புதுசுன்னு நேர்ல பார்த்தீங்களா?"

"அந்தப் பக்கமே நான் திரும்புறதில்லையே."

"அப்ப எப்படித் தெரியும்?"

"சேவு கருகாம வருதாம். புதுச் சட்டிதான்னு ஊர்ல சொல்றாங்க."

"ஊர்ல சொல்றது செல்லாது ஐயா. பார்த்துட்டு வாங்க. நாங்க இருக்கோம்."

"இப்பவா?"

"மணி அஞ்சாச்சே. சட்டி அடுப்புல இருக்கும்."

ஆதிமூலம் எழுந்தார். கைப்பேசியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். வகுப்பை விட்டு வெளியேறிவிட்டதாகத்தான் அவர் நினைப்பு. மைக்கை அணைக்கவே வராதவருக்குப் படத்தை அணைக்க வருமா? பைக்கு மேலே கைப்பேசியின் கண் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. வகுப்பு முழுவதும் அவரோடு சேர்ந்து தெருவைக் கடந்தது.

சேவுக் கடை வாசலில் புகை எழும்பிக்கொண்டிருந்தது. தங்கப்பழம் கரண்டியை எடுத்துச் சட்டிக்கு மேல் வைத்தார். எதிரே நிற்பவரைப் பார்த்தார். கை நின்றுவிட்டது.

"அண்ணாச்சி."

"உன்னைப் பார்க்க வரல. சட்டியைப் பார்க்க வந்தேன்."

"பாருங்க அண்ணாச்சி. சூடா இருக்கு, பார்த்து."

ஆதிமூலம் குனிந்தார். சட்டிக்கு இரண்டு காது. ஒரு காதில் வளையம் இருந்தது. இன்னொரு காதில் வளையம் இல்லை. அதற்குப் பதில் கட்டுக்கம்பியை முறுக்கி முறுக்கிச் சுற்றியிருந்தது.

அவர் நிமிரவே இல்லை.

"மாரியம்மன் கொடைத் திருவிழாவுக்கு நாம ரெண்டு பேரும் கொண்டு போனோமே" என்றார் தங்கப்பழம். "தூக்க மாட்டாம நீங்க கீழ போட்டீங்க."

"நீதான்டே போட்ட."

"நீங்கதான் அண்ணாச்சி. வளையம் உடைஞ்சு போச்சு. கம்பி கட்டினதும் நீங்கதான். பெரியப்பா வீட்டுச் சட்டி, அவர் பேருக்கு இருந்ததால ஏலத்துக்குப் போகல. இன்னைக்கும் மாசாமாசம் வாடகை கொடுக்கேன். கம்பியை மாத்தச் சொல்லிப் பிள்ளைக சொல்லுதுக. நான்தான் மாத்தல."

ஆதிமூலம் கம்பியையே பார்த்தார். முறுக்கின விதத்திலேயே அது தன் கை வேலை என்று அவருக்குத் தெரிந்தது.

"கட்டும்போது இன்னும் ரெண்டு சுத்து சுத்தியிருக்கணும்" என்றார்.

"பரவாயில்ல அண்ணாச்சி. தாங்குது."

தங்கப்பழம் மாவைக் கரண்டியில் வைத்துத் தேய்த்தார். சேவு எண்ணெயில் விழுந்து நுரைத்துப் பொங்கியது. சிவந்ததும் அள்ளி, வடித்து, காகிதத்தில் கொட்டி நீட்டினார்.

"முதல் ஈடு."

முன்பெல்லாம் அன்றன்றைக்கு முதலில் பொரித்தெடுக்கும் அந்த ஈடு எப்போதும் ஆதிமூலத்துக்குத்தான். இந்த எட்டு வருஷமாகத் தங்கப்பழம் முதல் ஈட்டை யாருக்கும் கொடுப்பதில்லை. தனியாக எடுத்துவைத்து, கடைசியில் காக்காய்க்குப் போட்டுவிடுவார். ஊருக்கே அது தெரியும். ஜன்னலைச் சாத்தியவருக்குத் தெரியாது.

ஆதிமூலம் காசை எடுத்து நீட்டினார்.

"காசு எதுக்கு அண்ணாச்சி? பழைய பாக்கியில கழிச்சுக்கிடுங்க."

"பாக்கி எங்கடே இருக்கு? அதான் கோர்ட்டு தள்ளிருச்சே. காசைப் பிடி."

தங்கப்பழம் பிடித்துக்கொண்டார். கையெல்லாம் மாவு. கண்ணைத் துடைக்கப் போய் நெற்றி வெள்ளையானது.

ஆதிமூலம் சேவை வாயில் போட்டுக் கடித்தார்.

சட்டைப் பைக்குள்ளிருந்து ஒரு குரல் கேட்டது. "சேவு எப்படி இருக்கு ஐயா?"

தூக்கிவாரிப்போட்டது இரண்டு பேருக்கும். ஆதிமூலம் கைப்பேசியை வெளியே எடுத்தார். சின்னச் சின்னக் கட்டத்தில் வகுப்பு முழுவதும் இருந்தது. ரோஸ்லின் தாவணி நுனியால் மூக்கைத் துடைத்துக்கொண்டே, "எனக்கொரு பொட்டலம் ஐயா" என்றாள்.

"ஏ, இவ்வளவு பேரா!" என்று தங்கப்பழம் இரண்டு கையாலும் கும்பிட்டார்.

"சேவு எப்படி ஐயா?" என்று ஜமீலா மறுபடியும் கேட்டார்.

ஆதிமூலம் மென்று விழுங்கினார். பொய் சொல்ல அவருக்கு எப்போதுமே வராது.

"எண்ணெய் சரியில்ல மேடம்."

"தெரியும் அண்ணாச்சி" என்றார் தங்கப்பழம். "எட்டு வருஷமா சரியில்ல."

ஆதிமூலம் திரும்பித் தன் வீட்டைப் பார்த்தார். சண்முகவடிவு ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றாள். அவள் பக்கத்தில் எண்ணெய் டின் ஒன்று தயாராக இருந்தது.

"ரொக்கத்துக்குத்தான்" என்றார் ஆதிமூலம், முறைத்துக்கொண்டே.

"ரொக்கத்துக்குத்தான் அண்ணாச்சி."

இன்னொரு வாய் சேவை அள்ளிக்கொண்டார். அதைப் போடுவதற்கு முன் அவருக்குத் தன் கேள்வி ஞாபகம் வந்தது. இன்றோடு வகுப்பு முடிகிறது. இனிமேல் கேட்க முடியாது.

"மேடம், கடைசிவரைக்கும் அந்தப் பாடத்தை எடுக்கவே இல்லையே. கடன் கொடுத்தவனுக்கு விடுவிப்பு."

"எடுத்தாச்சே ஐயா" என்றார் ஜமீலா. "உங்களுக்கு வருகைகூடப் போட்டுட்டேன்."